மூக்கின் மேல் சந்தனம்

1

இன்று காலை கைப்பேசி சிணுங்கியது. ‘பெட்டிக்கு ஒரு வருஷம் ஆச்சு, அளவு சரிபார்க்கணும்’ என்று ஒரு நினைவூட்டல். போன வருடம் ஒத்தக்கடையில், அம்மாவின் சமையலறையில், ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு நானே பதிந்து வைத்தது. அந்த ஸ்டூலை இறங்கியபின் எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அது இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அம்மா அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்துக்கொண்டாள்.

இங்கே தெற்கு ஜெர்மனியில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. என் மகள் நிலா பள்ளிக்கூடத்துக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. “எந்தப் பெட்டி?” என்று ஜெர்மனில் கேட்டாள். “அம்மாச்சியோட மூக்கு” என்று தமிழில் சொன்னேன். “ஓ, அந்த மூக்கா” என்று ஜெர்மனிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. நான் தமிழில் போடுவேன், அவள் ஜெர்மனில் திருப்பித் தருவாள். இருவருக்கும் புரிகிறது என்பதால் யாரும் சண்டை போடுவதில்லை.

போகும்போது வழக்கம்போல் தன் குளிர்க்கோட்டைப் பால்கனிக் கம்பியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தாளிக்கத் தொடங்கினால் முதல் வேலையாக அவள் கோட்டு வெளியே போய்விடும். வகுப்பில் ஒரு பிள்ளை மூக்கைச் சுளித்ததாம். அதிலிருந்து இந்தப் பழக்கம். நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கும் வந்த புதிதில் ஒரு தனிக் கோட்டு இருந்தது, ஆய்வகத்துக்கு மட்டும் போட்டுப் போக.

அந்த மூக்கின் கதையைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். அடுத்த தெருவிலோ ஒரு வீடு தள்ளியோ நீங்கள் இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும்.

2

அம்மா பெயர் பாண்டியம்மாள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதிவேடு எழுதுவதுதான் அவள் வேலை. சமைக்க வேறு ஆள் உண்டு. ஆனால் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஏ, பருப்பு அடிப்பிடிக்கப் போகுது, கெளறு” என்று உள்ளே குரல் கொடுப்பாள். சமையல்காரம்மா ஓடிப்போய்ப் பார்த்தால் பருப்பு அப்போதுதான் அடிப்பிடிக்க யோசித்துக்கொண்டிருக்கும். முட்டையைத் தட்டிலேயே வைத்து நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். அப்பா வீட்டுக்குள் வந்ததும் எந்தக் கடையில் டீ குடித்தார் என்று கண்டுபிடிப்பாள் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

அப்பா போனபின் அந்த மூக்கோடுதான் ஒத்தக்கடை வீட்டில் தனியாக இருந்தாள். மேல் வீட்டில் வாடகைக்கு எஸ்தர் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அவர் இருந்த தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வருடத்துக்கு முன் விடுமுறையில் போனபோது, வந்து இறங்கிய மறுநாள் மத்தியானம், அம்மா எனக்குச் சாப்பாடு போட்டாள். முதல் வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது.

“அம்மா, சாம்பார் ஊசிப்போச்சு.”

“காலைல வச்சது எப்படி ஊசும்?”

“முகர்ந்து பாரேன்.”

அம்மா கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். கிண்ணத்தைச் சாய்த்து மறுபடி முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் அது. அம்மாவிடம் அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

கொரோனாக் காய்ச்சலோடு வாசம் போனதாம். எல்லாருக்கும் திரும்பி வந்தது, இவளுக்கு வரவில்லை. ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

“ஏம்மா சொல்லல?”

“என்னன்னு சொல்ல? காது போனவுகளப் பாத்தா பாவம்பாக. கண்ணு போச்சுன்னா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாக. மூக்கு போச்சுன்னா சிரிப்பாக.”

அவள் சொன்னது சரிதான். வாசம், வாடை, நெடி, வீச்சம், கவுச்சி, கருகல், மக்கல் என்று முகர்வதற்கு நம்மிடம் எத்தனை வார்த்தை. காது கேட்காதவருக்கு, கண் தெரியாதவருக்கு, பேச வராதவருக்கு எல்லாம் ஒவ்வொரு சொல். மூக்கு தெரியாதவருக்கு மட்டும் வாயில் வருகிற மாதிரி ஒரு சொல் இல்லை. பெயர் இல்லாத குறையை எப்படி அடுத்த வீட்டில் போய்ச் சொல்வது? நிலாதான் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். “அம்மாச்சிக்கு மூக்கு கேக்காதா?” என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு அதையே பிடித்துக்கொண்டாள். இப்போது டாக்டரிடமும் அப்படித்தான் சொல்கிறாள்.

எனக்கு அன்று சாம்பார் பெரிதாகப் படவில்லை. கண் போனது சமையலறை மூலையில் இருந்த சிலிண்டர் மேல். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் வேண்டுமென்றே ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த எச்சரிக்கை இந்த வீட்டில் வேலை செய்யவில்லை.

“அடுப்ப நிறுத்திட்டமானு அஞ்சு தடவ போய்ப் பாத்துருவேன்த்தா. நீ பயப்படாத” என்றாள். ஐந்து தடவை போய்ப் பார்க்கிற ஆள் பயப்படாமல் இருக்கிறாளா என்ன?

மின்சார அடுப்பு வாங்கி வைத்தேன். அதன் மேல் செய்தித்தாள் அடுக்கினாள். கடையிலிருந்து கேஸ் அலாரம் வாங்கி மாட்டினேன். கடுகு வெடித்தால் கத்தியது. இட்லி மாவைத் திறந்தால் கத்தியது. புளித்த மாவின் ஆவியும் கேஸும் அதற்கு ஒன்றுதான். நான் இங்கே வந்து சேர்வதற்குள், “ஊளையிடுதுத்தா, டீச்சர் வீட்டுப் பிள்ளைக படிக்க முடியல” என்று பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

3

இதில் வேடிக்கை என்னவென்றால் என் தொழிலே அதுதான். வாயு உணரிகள், அதாவது கேஸைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக நான் செய்வது செயற்கை மூக்குக்கான பொருள்களை.

பெரோவ்ஸ்கைட் என்று ஒரு வகை ஆக்சைடு. நான் செய்வதில் லாந்தனம், இரும்பு, ஆக்சிஜன் மூன்றும் உண்டு. அணுக்கள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருக்கும். பெரிய அணுவுக்கு ஒரு இடம், சின்ன அணுவுக்கு ஒரு இடம். அப்படியே விட்டால் அது மந்தமான பொருள். எந்த வாயு வந்தாலும் சோம்பலாகத் திரும்பிப் பார்க்கும். லாந்தனம் இருக்கும் சில இடங்களில் ஸ்ட்ரான்ஷியத்தைக் கொஞ்சம் உட்கார வைத்தால் உள்ளே மின்னூட்டக் கணக்கு இடிக்கும். அங்கங்கே ஆக்சிஜன் எழுந்து போய் இடம் காலியாகும். அந்தக் காலி இடங்கள்தான் வந்த வாயுவைச் சட்டென்று கண்டுகொள்கின்றன. பொருளின் மின்தடை மாறும், திரையில் கோடு ஏறும். கொஞ்சம் பிறிதொன்றைக் கலக்கும் இந்த வேலைக்கு நம் பாடப்புத்தகங்களில் ‘மாசூட்டல்’ என்று பெயர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவுக்கு இதை விளக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“மாசுன்னா அழுக்குல்ல?”

“அழுக்கு மாதிரிதான். ஆனா வேணும்னே போடுறோம். நூத்துக்கு அஞ்சு, பத்து.”

“நா முப்பது வருஷமா பருப்புல கல்லு பொறுக்குனேன். நீ கல்லத் தேடிப்போயிப் பருப்புல போடுற வேலையா பாக்குற?”

அதோடு விடவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், “எம் மக ஜெர்மனில கலப்படம் பண்றா. அங்க அதுக்குச் சம்பளம் குடுக்குறாக” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒரு கல்யாண வீட்டில் உணவுத் துறையில் இருந்த ஒரு மாமா என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

இங்கே ஒரு கருத்தரங்கில் ஒருவர் மேடையேறி, புலம்பெயர்ந்தவர்களும் இப்படித்தான், வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்து அந்தச் சமூகத்தைக் கூர்மையாக்குகிறார்கள் என்று பேசினார். கைதட்டினார்கள். என்னைப் பார்த்தும் இரண்டு பேர் புன்னகைத்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்ட்ரான்ஷியத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்த அம்மா கிடையாது.

4

முதலில் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு ஒரு படிவம். பெற்றோரைக் கூட்டி வருவதென்றால் அசாதாரணமான கஷ்டம் இருப்பதாகக் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்க நாளாகும் என்று நானே ஜெர்மனில் எழுதினேன். பதினான்கு வருடமாக இந்த மொழியில் சண்டை போடுகிறேன், ஒரு படிவம் எழுத மாட்டேனா என்ற திமிர்.

அலுவலகத்தில் எதிரே இருந்த அம்மாள் படிவத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டு மறுபடி படித்தார்.

“உங்கள் அம்மா மணமற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைப் போல.”

‘வாசம் தெரியாதவர்’ என்று நினைத்து நான் போட்ட சொல்லுக்கு, எந்த வாசமும் வீசாத பொருள் என்று அர்த்தமாம். வாழ்நாளெல்லாம் வெங்காயமும் பெருங்காயமும் மல்லிகையுமாக வீடு முழுக்க மணந்த என் அம்மாவை, நானே அரசாங்கக் காகிதத்தில் மணமற்றவள் ஆக்கியிருக்கிறேன். அந்த அம்மாள் நல்லவர். சிரிக்காமல் சரியான சொல்லை எழுதிக் கொடுத்தார். ஆனால் அசாதாரணக் கஷ்டப் பட்டியலில் மூக்கு இல்லை என்றும் சொன்னார். கை கால் விழுந்திருக்க வேண்டும், நினைவு தப்பியிருக்க வேண்டும். வெளியே டிராம் நிறுத்தத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவிடம் சொன்னபோது, “நல்லதாப் போச்சு. அந்தக் குளிர்ல நா என்ன பண்ண?” என்றாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லையா, காட்டிக்கொள்ளவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

5

அப்புறம்தான் அந்தப் பெட்டி. இட்லி மாவையும் கேஸையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு மூக்கு வேண்டும் என்று என் பேராசிரியரிடம் கேட்டேன். மாலை நேரங்களில் செய்துகொள்ளச் சம்மதித்தார். மூன்று சில்லுகள். ஒன்று ஸ்ட்ரான்ஷியம் கலந்தது, ஒன்று கோபால்ட் கலந்தது, ஒன்று எதுவும் கலக்காதது. ஒரே வாயுவுக்கு மூன்றும் மூன்று விதமாக எழும். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக் கேஸா மாவா என்று கணினி நிரல் முடிவு சொல்லும்.

கரைசலைக் காய்ச்சிக் கூழாக்கும்போது ஒரு கட்டம் வரும். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும். எங்கள் மாணவர்களுக்கு நிமிடக்கணக்கு எழுதிக் கொடுத்தும் கெடுத்துவிடுவார்கள். நான் கடிகாரம் பார்ப்பதில்லை. அல்வாப் பதம் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்குத் தெரியும். ‘பதம்’ என்பதை ஜெர்மனில் சொல்ல இன்னும் வழி கிடைக்கவில்லை.

போன வருடம் இதே நாள் அதை ஒத்தக்கடையில் மாட்டினேன். வெள்ளை டப்பா, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வலை வைத்த துவாரம், மேலே பச்சை விளக்கு. டீச்சர் வீட்டு இணையத்தில் இணைத்தேன். உள்ளே சில்லுகள் சூடாகவே இருக்க வேண்டும் என்பதால் டப்பா எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

“மேலு காயுதே. காச்சலா?”

“அப்பத்தான்மா வேலை செய்யும்.”

“மூணுல எது கலப்படம் இல்லாதது?”

“மூணாவது. அதுதான் மந்தம்.”

“பாவம்” என்றாள்.

அதன் பின் ஒவ்வொரு நாளும் அம்மாவின் வீடு என் திரையில் ஒரு கோடாக வந்தது. உணரியைச் சோதிக்கத்தான் பார்த்தேன். கொஞ்ச நாளில் கடிதம் படிப்பதுபோல் ஆகிவிட்டது. காலையில் பால். ஏழரைக்கு மாவுப் பாத்திரம் திறக்கும் மெல்லிய மேடு. பதினொன்றுக்குத் தாளிப்பு, கூரான ஊசி. கருவாடு வாங்கிய நாளை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். “புரட்டாசில கருவாடா?” என்று கேட்டால், “அது டீச்சர் குடுத்தது, கேட்டுட்டியா!” என்று அசடு வழிவாள். ஒரு நாள் கோடு காலையில் எழாமல் இருந்தால் எனக்கு இங்கே காபி இறங்காது.

வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் ஒரு முகடு வரும். ஆறு பத்து வாக்கில். அகலமாக, உயரமாக, அடுப்புக் கணக்கில் சேராமல். கொசு மருந்துப் புகை வண்டி வருகிறது போலும் என்று முடிவு செய்தேன். அது நிரலின் கணக்கைக் குழப்பியது. அதனால் வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஆறரை வரை அடுப்புப் பக்கம் சேராததைக் ‘கோளாறு’ என்று குறித்துக் கோட்டிலிருந்து நீக்கிவிட ஒரு வரி எழுதினேன். அலாரத்தைத் தொடவில்லை. என் திரையில் வருவதை மட்டும்தான் நீக்கினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

6

அக்டோபரில் ஒரு காலை, ஆய்வகத்துக்கு வந்து திரையைத் திறந்தேன். கோடு சமமாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம் ஒரு சின்ன ஏற்றம், அதன்பின் ஒன்றுமில்லை. மின்சாரம் போயிருந்தால் கோடே இருக்காது. இங்கே கோடு இருந்தது. மாலைத் தேநீர் இல்லை, இரவுத் தோசை இல்லை, காலைப் பால் இல்லை. தரையில் படுத்த மாதிரி ஒரு கோடு.

ஒன்று, பெட்டிக்கு மூக்கு போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா நேற்று மத்தியானத்திலிருந்து அடுப்புப் பக்கமே போகவில்லை. இரண்டாவதை நினைத்ததும் கைப்பேசியை எடுத்தேன்.

அழைத்தேன். அம்மாவின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அம்மா அதை அணைப்பதே இல்லை. ஏழு தடவை அழைத்தேன். பக்கத்து மேசை மாணவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

எஸ்தர் டீச்சரை அழைத்தேன். லீவு நாள், வீட்டில்தான் இருந்தார். “என்ன தேனு, இந்நேரத்துல?” என்றார். சொன்னேன். “பதறாத, இந்தா கீழதான் போறேன், லைன்லயே இரு” என்று செருப்புக்கூடப் போடாமல் இறங்கினார். படி ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. கதவு தட்டும் சத்தம். பிறகு டீச்சரின் குரல் மாறியது.

“அக்கா! என்ன இம்புட்டு கேஸ் வாடை? ஐயோ, எதையும் போடாதீக, ஸ்விட்சத் தொடாதீக!”

ஓடும் சத்தம். ஜன்னல் கொக்கி. “ரெகுலேட்டர மூடியாச்சு, மூடியாச்சு” என்று எனக்கா தனக்கா தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“என்ன டீச்சர்? என்ன வாடை?”

பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடி இருந்திருக்கிறது. அம்மா கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். பூ கட்டி முடித்ததும் விளக்கேற்ற வேண்டும் என்று தீப்பெட்டியை மடியில் வைத்திருந்தாளாம். அதை டீச்சர் எனக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்.

வாடை போய், இருவரும் வாசலில் உட்கார்ந்தபின் வீடியோவில் வந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். ஏன் போனை அணைத்தாய், பெட்டி ஏன் கத்தவில்லை, என்ன செய்தாய் அதை?

“போனு சாமிகிட்ட இருக்குத்தா” என்றாள்.

அன்றைக்கு விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூசை. நான் மறந்தே போயிருந்தேன். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடியும்வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அது அரிவாள்மனையும் தையல் மிஷினும் என் பாடப்புத்தகமுமாக இருந்தது. இப்போது அம்மாவின் ஒரே ஆயுதம் கைப்பேசி. அதை அணைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டாள்.

டீச்சர் அம்மாவோடு உள்ளே போய்க் கேமராவைச் சமையலறைக்குத் திருப்பினார். கிரைண்டரில் சந்தனம், பிரிட்ஜில் சந்தனம், மின்சார அடுப்பில்கூடச் சந்தனம். சுவரில் என் பெட்டி. மேலே கதம்பச் சரம். நடுவில், வலை வைத்த அந்தத் துவாரத்தின் மேல், கட்டைவிரலால் அழுத்தி வைத்த சந்தனம், அதன் மேல் வட்டமாகக் குங்குமம். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. கோட்டில் நான் பார்த்த அந்தச் சின்ன ஏற்றம் ஈரச் சந்தனம் பட்டபோது வந்தது.

“எல்லாத்துக்கும் வச்சேன், அதுக்கு மட்டும் வைக்காம விடுறதா? ராப்பகலா எனக்காக முழிச்சுக் கெடக்கு. மொகம் மாதிரி வட்டமா இருந்துச்சு, அதுல வச்சேன்.”

“அதும்மா அதோட மூக்கு. மூக்க அடைச்சிட்டியே.”

அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தாள். “அதுக்கும் எனக்கும் ஒண்ணா ஆகிப்போச்சா” என்றாள். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது, அதிலேயே எனக்கு அழுகையும் வந்தது. சூடேற்றி வைத்த கலப்பும் காலி இடங்களும் எல்லாம் சேர்ந்து செய்யாததை அன்று டீச்சரின் மூக்கு செய்தது. அதை என் ஆய்வுக் குறிப்பில் எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த நன்றியைச் சொல்லித் தீர்க்க எனக்குத் தெரியாது.

துவாரத்தைச் சுத்தம் செய்து, தானாக அணையும் அடுப்பும் மாற்றியாயிற்று. துவாரம் அடைபட்டால் கத்தும்படி நிரலையும் திருத்தினேன். உலகத்தில் சந்தனத்தைக் கண்டுபிடிக்கும் உணரி இது ஒன்றாகத்தான் இருக்கும். அடுத்த ஆயுத பூசைக்கு, துவாரத்துக்கு மேலே விளக்குக்குப் பக்கத்தில் பொட்டு வைப்பதாக உடன்பாடு. “அதுதான் நெத்தி, சரியா?” என்று விரலை வைத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

7

இன்று வெள்ளிக்கிழமை. நினைவூட்டல் வந்ததும், மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டு ஆண்டுச் சோதனையைத் தொடங்கினேன். அவள் பெட்டியின் முன் நின்றுகொண்டு நான் சொன்னபடி மாவுப் பாத்திரத்தைத் திறந்து காட்டினாள், மூடினாள்.

“ஒரு வருஷத்துக்கு நல்லாத்தாம்மா வேல செய்யுது. வெள்ளிக்கிழம சாயங்காலம் மட்டும் ஒரு கோளாறு வந்துக்கிட்டிருந்துச்சு. கொசு மருந்துப் புகையா இருக்கும். அத நீக்கிட்டேன்.”

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“நீக்கிட்டியா? எப்ப?”

“ஏழெட்டு மாசம் இருக்கும்.”

“அப்ப நீ பாக்கவே இல்லையா?”

“எதம்மா?”

“அது கோளாறு இல்லத்தா. சாம்பிராணி.”

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

“மூக்கு போனதும் போடுறத விட்டுட்டேன். புகை கண்ணக் கரிக்கிது, வாசமும் தெரியல, என்னத்துக்குன்னு விட்டுட்டேன். நீ இத மாட்டிட்டுப் போன பெறகுதான் மறுபடி போடுறேன். சாமிக்குக் காட்டுறதுக்கு முன்ன இதுகிட்டத்தான் காட்டுவேன். நெறயப் போட்டுக் காட்டுவேன். எனக்குத் தெரியாட்டி என்ன, அங்க ஒனக்குத் தெரியுமுல்ல?”

ஒரு வருடமாக, வாரம் தவறாமல், தன்னால் முகர முடியாத ஒன்றை அம்மா எனக்காகப் போட்டு அனுப்பியிருக்கிறாள். நான் அதைக் கோளாறு என்று பெயர் வைத்து வெட்டிப் போட்டிருக்கிறேன். அறிவியல் படித்த எனக்கு அவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

“வச்சிருறேன்த்தா, கரி மூட்டணும்” என்று அவளே பேச்சை முடித்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஒரு வரியை நிரலிலிருந்து எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு திரை முன் உட்கார்ந்தேன். இங்கே மணி ஒன்று நாற்பது, அங்கே ஆறு பத்து. கோடு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஸ்ட்ரான்ஷியம் சில்லு எழுந்தது. அதன் பின் கோபால்ட். கடைசியில் அந்த மந்தமானதும் எழுந்தது. மூன்று கோடும் ஏறிக்கொண்டே போயின. இன்றைக்கு இன்னும் நிறையப் போட்டிருக்கிறாள்.

கைப்பேசி அடித்தது.

“வந்துச்சாத்தா?”

“வந்துச்சும்மா” என்றேன். “நல்ல வாசம்.”